தாய்லாந்து மக்களின் அரசியல், பிழைப்பு, அன்றாடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாங்காக்குக்குப் போய் வந்தவர்கள் இப்போது தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கோயில், கடற்கரை, சந்தை எல்லாம் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் யாருக்கு ஓட்டுப் போடுகிறார்கள், எதில் சம்பாதிக்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேட்டால்தான் முழிக்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் அந்த மாதிரிக் கேள்விகள் இங்கே. எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்பதெல்லாம் இதில் இல்லை.

தாய்லாந்தில் நடப்பது மன்னராட்சியா, மக்களாட்சியா?

சட்டப்படி, அரசியல் சாசனத்துக்குக் கட்டுப்பட்ட மன்னராட்சி. 1932 ஜூன் 24 அதிகாலையில் ராணுவ அதிகாரிகளும் ஐரோப்பாவில் படித்துத் திரும்பிய இளம் அரசு ஊழியர்களும் சேர்ந்து மன்னரின் முழு அதிகாரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். அப்போது நாட்டின் பெயர் சயாம். 1939-இல்தான் தாய்லாந்து ஆனது. 1932-இலிருந்தே நாடாளுமன்றம், பிரதமர், தேர்தல் எல்லாம் உண்டு. ஆனால் இதுவரை 20 அரசியல் சாசனங்கள் வந்து போயிருக்கின்றன. 2017-இல் வந்தது இருபதாவது. ஒரு சாசனத்தின் சராசரி ஆயுள் ஐந்து வருடம்கூட இல்லை என்பதிலிருந்தே நிலைமையை ஊகிக்கலாம்.

தேர்தல் பொதுவாக ஒழுங்காகவே நடக்கிறது. ஓட்டுச் சீட்டை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, பெயரைச் சத்தமாகப் படித்து, பலகையில் கோடு போட்டு எண்ணுகிறார்கள். யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். சிக்கல் எண்ணி முடித்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ராணுவம் ஏன் அடிக்கடி ஆட்சியைக் கவிழ்க்கிறது?

1932-க்குப் பிறகு வெற்றி பெற்ற கவிழ்ப்புகள் மட்டுமே ஒரு டஜன். கடைசி இரண்டு 2006 செப்டம்பர் 19, 2014 மே 22. பழகிப்போனதால் இதற்கென்று ஒரு முறையே உருவாகிவிட்டது. தொலைக்காட்சியில் வழக்கமான நிகழ்ச்சி நின்று தேசபக்திப் பாட்டு ஓடும். அரசியல் சாசனம் ரத்தாகும். கவிழ்த்தவர்கள் தங்களுக்குத் தாங்களே பொதுமன்னிப்பு எழுதிக்கொள்வார்கள். புதிய சாசனம் வரும், பிறகு தேர்தல் வரும்.

2014-இல் நடந்ததைப் பாருங்கள். தளபதி பிரயுத் சான் ஓச்சா சண்டை போட்டுக்கொண்டிருந்த எல்லாத் தரப்புத் தலைவர்களையும் பேச்சுவார்த்தை என்று ஒரு ராணுவ வளாகத்துக்கு அழைத்தார். இரண்டாவது நாள், அரசு தரப்பில் வந்திருந்தவரிடம் ராஜினாமா செய்வீர்களா என்று கேட்டார். மாட்டோம் என்றதும், அப்படியானால் ஆட்சியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அறையில் இருந்தவர்களை ராணுவ வீரர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஐந்து வருடம் ராணுவ ஆட்சி. அப்புறம் 2019 தேர்தலுக்குப் பின் அவரே மறுபடி பிரதமர்.

இதை ராணுவத்தின் பேராசை என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். உயர் அதிகாரிகள், நீதிபதிகள், அரண்மனையை ஒட்டிய குடும்பங்கள், பெருநிறுவனங்கள் என்று தேர்தல் வழியாக வராத அதிகாரம் அங்கே நிறைய. பாங்காக் நடுத்தர வர்க்கத்தின் பெரும்பகுதியும் பல சமயம் அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2006-இல் டாங்கிகளுக்குப் பூ வைத்து, குழந்தைகளை முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டவர்கள் அந்த நடுத்தர வர்க்கத்தினர்தான்.

மக்கள் எதிர்த்ததே இல்லையா?

நிறைய. 1973 அக்டோபர் 14-இல் மாணவர்கள் தெருவில் இறங்கி ராணுவ சர்வாதிகாரிகளை நாட்டை விட்டே ஓட வைத்தார்கள். மூன்று வருடம் கழித்து, 1976 அக்டோபர் 6-இல், தம்மசாட் பல்கலைக்கழக வளாகத்துக்குள் போலீசும் வலதுசாரிக் கும்பல்களும் புகுந்து மாணவர்களைக் கொன்றன. அரசுக் கணக்கிலேயே 40 பேருக்கு மேல். பள்ளிப் பாடநூல்களில் இது ரொம்ப நாள் இல்லாமலேயே இருந்தது. 1992 மே மாதத்தில் மறுபடி துப்பாக்கிச் சூடு. அப்போது மன்னர் பூமிபால் அதுல்யதேஜ், பிரதமரையும் போராட்டத் தலைவரையும் கூப்பிட்டுக் கண்டித்த காட்சி தொலைக்காட்சியில் ஓடியது. இருவரும் தரையில் முழந்தாளிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மன்னர் என்றால் கடைசி நடுவர் என்ற நினைப்பு அந்தத் தலைமுறைக்கு அங்கிருந்து வந்தது. அவர் 70 ஆண்டு அரியணையில் இருந்து 2016-இல் இறந்தார். இப்போது இருப்பவர் மகன் வஜ்ரலங்கோர்ன்.

தக்சின் என்பவர் யார்? இருபது வருடமாக அவர் பேச்சாகவே இருக்கிறதே?

தக்சின் ஷினவத்ரா சியாங் மாய்க்காரர். போலீஸ் அதிகாரியாக இருந்து, செல்போன் தொழிலில் கோடீஸ்வரராகி, 2001-இல் பிரதமரானவர். அவருக்கு முன்னால் கட்சிகள் ஊர்ப் பெரிய மனிதர்களைப் பிடித்து ஓட்டு வாங்கும். இவர் நேராகக் கிராமத்துக்காரர்களிடம் போனார்: 30 பாத்துக்கு மருத்துவம், கிராமத்துக்குப் பத்து லட்சம் பாத் சுழல்நிதி, விவசாயக் கடனுக்கு அவகாசம். (ஒரு பாத் என்பது சுமார் இரண்டரை ரூபாய்க்கு மேல்.) சொன்னதைச் செய்தும் காட்டினார். நாங்கள் போட்ட ஓட்டுக்கு வீட்டுக்கே ஏதோ வந்தது என்று வடக்கும் வடகிழக்கும் முதல்முறையாக உணர்ந்தது அப்போதுதான். 2005-இல் 500 இடங்களில் முக்கால் பங்கை அள்ளினார்.

நல்லவர் என்று சொல்ல வரவில்லை. 2003-இல் அவர் நடத்திய போதைப்பொருள் ஒழிப்பில் 2,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பத்திரிகைகளை மிரட்டினார். 2006 ஜனவரியில் குடும்ப நிறுவனத்தைச் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனத்துக்கு 7,300 கோடி பாத்துக்கு விற்றபோது வரியே கட்டவில்லை. பாங்காக் கொதித்தது அதற்குத்தான். அந்த ஆண்டே ராணுவம் அவரைக் கவிழ்த்தது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அவர் வெளிநாட்டில், கட்சி கலைக்கப்பட்டாயிற்று. வேறு பெயரில் புதுக் கட்சி, மறுபடி வெற்றி. 2011-இல் தங்கை யிங்லக், 2024-இல் 37 வயதில் மகள் பேதோங்தார்ன் பிரதமர்கள் ஆனார்கள். 2023 ஆகஸ்டில் தக்சின் நாடு திரும்பியபோது, அதுவரை எதிரியாக இருந்த ராணுவ ஆதரவுக் கட்சிகளோடு அவர் கட்சி கூட்டணி வைத்திருந்தது. பழைய வழக்குகளில் விதிக்கப்பட்டிருந்த தண்டனைக் காலத்தைச் சிறைக்குப் பதில் போலீஸ் மருத்துவமனையில் கழித்தது செல்லாது என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல, 76 வயதில் சிறைக்குள் போனார்.

மஞ்சள் சட்டை, சிவப்புச் சட்டை என்றால்?

வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் அங்கே ஒரு நிறம். திங்கள் மஞ்சள். மன்னர் பூமிபால் பிறந்தது திங்கட்கிழமை. அவர் பெயரில் தக்சினை எதிர்த்தவர்கள் மஞ்சள் போட்டார்கள். 2008-இல் பாங்காக்கின் பெரிய விமான நிலையத்தையே ஒரு வாரத்துக்கு மேல் பிடித்து வைத்துக்கொண்டார்கள். தக்சின் பக்கத்தவர்கள், கூடவே கவிழ்ப்பை எதிர்த்தவர்கள், சிவப்பு. 2010-இல் அவர்கள் பாங்காக்கின் நடு வணிகப் பகுதியில் கூடாரம் அடித்தபோது ராணுவம் சுட்டது. 90 பேருக்கு மேல் இறந்தார்கள். இன்றைய இருபது வயதுக்காரர்களிடம் இந்த நிறங்களைப் பற்றிக் கேட்டால் அப்பா அம்மா காலத்துச் சண்டை என்பார்கள்.

நீதிமன்றம் பிரதமரை நீக்க முடியுமா?

முடியும், நீக்கியும் இருக்கிறது. 2008-இலிருந்து ஐந்து பேர். முதல் ஆள் சமக் சுந்தரவேஜ். பிரதமரான பிறகும் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்தி அதற்குப் பணம் வாங்கினார் என்று பதவி போனது. சிரிப்பாக இருக்கும், ஆனால் சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. 2024-இல் ஸ்ரெத்தா தவிசின், சிறை சென்று வந்த ஒருவரை அமைச்சராக்கியதற்காக நீக்கப்பட்டார். 2025 ஆகஸ்டில் பேதோங்தார்ன், கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னோடு பேசிய தொலைபேசிப் பேச்சு வெளியானதில் நீக்கப்பட்டார். எல்லையில் பதற்றம் இருந்த நேரம் அது. அவரை மாமா என்று அழைத்து, தன் நாட்டு ராணுவத் தளபதி ஒருவரை எதிர்த்தரப்பு ஆள் என்கிற மாதிரி அதில் பேசியிருந்தார்.

கட்சிகளும் கலைக்கப்படும். இதில் பெரியது 2023 கதை. மே 14 தேர்தலில் மூவ் ஃபார்வர்ட் கட்சி 1 கோடியே 40 லட்சம் ஓட்டு, 151 இடம் பெற்று முதலில் வந்தது. இளைஞர்கள், பாங்காக், பழைய சிவப்புப் பகுதிகள் என்று எல்லாப் பக்கமும் விழுந்த ஓட்டு. ஆனால் பிரதமரைத் தேர்ந்தெடுக்க ராணுவம் நியமித்த 250 மேலவை உறுப்பினர்களுக்கும் அப்போது ஓட்டு இருந்தது. அவர்களில் 13 பேர்தான் அந்தக் கட்சியின் பிடா லிம்ஜாரோன்ராட்டை ஆதரித்தார்கள். அவர் பிரதமராகவில்லை. 2024 ஆகஸ்டில் கட்சியும் கலைக்கப்பட்டது. காரணம், கீழே சொல்லியிருக்கும் 112-ஆம் பிரிவைத் திருத்துவோம் என்று வாக்குறுதி கொடுத்தது. அதன் எம்.பி.க்கள் இரண்டே நாளில் மக்கள் கட்சி என்று வேறு பெயரில் உட்கார்ந்தார்கள். 2025 செப்டம்பரில் அனுதின் சார்ன்விரகுல் பிரதமரானது, நாலு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தைக் கலைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இந்தக் கட்சி கொடுத்த ஆதரவில்தான். டிசம்பரிலேயே கலைத்துவிட்டார்.

என்னைக் கேட்டால், தாய்லாந்து அரசியலைச் சிவப்பு மஞ்சள், நகரம் கிராமம் என்று பிரித்துப் படிப்பதைவிட, எண்ணிய ஓட்டுக்கு மேல் கடைசிச் சொல் யாருடையது என்ற ஒரே கேள்வியாகப் படிப்பது எளிது.

112-ஆம் பிரிவு என்பது என்ன?

அரச நிந்தனைச் சட்டம். மன்னர், ராணி, பட்டத்து இளவரசர், பிரதிநிதியாக ஆட்சி செய்பவர் ஆகியோரை இழிவுபடுத்தினால் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 வருடம் சிறை. யார் வேண்டுமானாலும் யார் மீதும் புகார் கொடுக்கலாம். ஃபேஸ்புக்கில் பத்துப் பதிவு என்றால் பத்துக் குற்றம். 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இப்படிப் பதிவுகளைக் கூட்டி ஒருவருக்கு 50 வருடம் கொடுத்தது. 2020-இல் மாணவர்கள் மூன்று விரல் உயர்த்தித் தெருவுக்கு வந்து, அதுவரை யாரும் மேடையில் பேசாத அரண்மனைச் சீர்திருத்தம் பற்றிப் பேசினார்கள். அவர்களில் பலர் பிறகு நீதிமன்றப் படியேறியது இந்தப் பிரிவில்தான். வெளிநாட்டவர்களுக்கும் பொருந்தும். விளையாட்டுக்குக்கூட இதில் இறங்க வேண்டாம்.

30 பாத் மருத்துவம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, அந்த நாட்டைப் பற்றி நான் முதலில் சொல்ல விரும்புவதும் அதைத்தான். 2001-இல் சில மாகாணங்களில் தொடங்கி அடுத்த ஆண்டே நாடு முழுக்க வந்தது. அதற்கு முன் மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு எந்தக் காப்பீடும் இல்லை. பெரிய வியாதி வந்தால் எருமையை விற்க வேண்டும், அடுத்தது நிலம். அரசு ஊழியர்களுக்கு ஒரு திட்டம், கம்பெனி வேலைக்காரர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு நிதி, மீதி எல்லோருக்கும் இது.

ஊர் மருத்துவமனையில் காலை ஆறு மணிக்கே செருப்பை வரிசையில் போட்டு இடம் பிடித்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். அடையாள அட்டையைக் காட்டி, சீட்டு வாங்கி, ரத்த அழுத்தம் பார்த்து, டாக்டரைப் பார்க்க நண்பகல் ஆகிவிடும். காத்திருப்பு நீளம், டாக்டர்களுக்கு வேலை கழுத்தை நெரிக்கும், பெரிய மருத்துவமனைக்குப் போகப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று குறை சொல்ல நிறைய உண்டு. ஆனால் டயாலிசிஸ், புற்றுநோய் மருந்து, எச்.ஐ.வி. மருந்து எல்லாம் இதில் அடக்கம். கிராமங்களில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சுகாதாரத் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, அழுத்தம் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். கொரோனாவில் முதலில் வாசலில் நின்றது அவர்கள்தான்.

2006-இல் தக்சினைக் கவிழ்த்தவர்கள் அவருடைய எல்லாவற்றையும் துடைக்கப் பார்த்தார்கள். இந்தத் திட்டத்தில் கை வைக்க முடியவில்லை. அந்த 30 பாத்தையும் தள்ளுபடி செய்து முழு இலவசமாக்கினார்கள். 2012-இல் அந்தக் கட்டணம் திரும்பி வந்தது, ஆனால் அடுத்தடுத்து வந்த எந்த அரசும் திட்டத்தை நிறுத்தவில்லை.

அவர்கள் பொருளாதாரம் எதில் ஓடுகிறது? சுற்றுலாவில் மட்டுமா?

தென்கிழக்கு ஆசியாவின் பெரிய பொருளாதாரங்களில் ஒன்று அது. சுற்றுலா பெரியதுதான், 2019-இல் ஏறக்குறைய 4 கோடி பேர் வந்தார்கள், 2024-இல் மூன்றரைக் கோடி. ஆனால் பிக்கப் வண்டிகள், கார் உதிரிபாகங்கள், ஹார்டு டிஸ்க், இயற்கை ரப்பர், டின்னில் அடைத்த சூரை மீன், கோழிக்கறி எல்லாம் அங்கிருந்து உலகத்துக்குப் போகிறது. ஜப்பானியக் கார் கம்பெனிகள் கிழக்குக் கடற்கரைப் பக்கம் வரிசையாக இருக்கின்றன. இப்போது சீன மின்சாரக் கார்கள் அங்கேயே ஆலை போட்டுவிட்டன. வங்கிகள் வாகனக் கடனை இறுக்கியதால் உள்ளூரில் பிக்கப் விற்பனை படுத்துவிட்டது. ஒரு காலத்தில் வருடத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் வண்டி செய்த நாடு 2024-இல் 15 லட்சம்கூடத் தொடவில்லை. மீன் ஆலைகளிலும் கட்டட வேலையிலும் பெரும்பாலும் மியான்மர்க்காரர்கள்.

1997 ஜூலை 2 என்ற தேதியை ஐம்பது வயதைத் தாண்டிய யாரும் மறக்க மாட்டார்கள். டாலருக்கு 25 பாத் என்று கட்டி வைத்திருந்ததை அன்று அவிழ்த்துவிட்டார்கள். ஆறு மாதத்தில் 50-ஐத் தாண்டியது. டாலரில் கடன் வாங்கியவர்கள் எல்லாம் விழுந்தார்கள், 56 நிதி நிறுவனங்கள் மூடப்பட்டன. கோடிகளில் புரண்ட பங்குத் தரகர் ஒருவர் கழுத்தில் பெட்டியை மாட்டிக்கொண்டு தெருவில் சாண்ட்விச் விற்றது அப்போது பெரிய செய்தி. பாதியில் நின்ற நாற்பத்துச் சொச்ச மாடிக் கட்டடம் ஒன்று பாங்காக் சாத்தோர்னில் அப்படியே நிற்கிறது. ஆசியா முழுக்கப் பரவிய அந்த நெருக்கடிக்கு அவர்கள் தங்கள் ஊர்ச் சூப்பின் பெயரையே வைத்துவிட்டார்கள்: தோம் யாம் குங்.

அரிசியில் அவர்கள்தானே முதலிடம்?

2011 வரை. அந்த ஆண்டு யிங்லக் அரசு, ஒரு டன் நெல்லுக்கு 15,000 பாத் கொடுத்து வாங்குவதாக அறிவித்தது. சந்தை விலையைவிடப் பாதி கூடுதல். பதுக்கி வைத்தால் உலக விலை ஏறும், அப்போது விற்கலாம் என்பது கணக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியா சாதா அரிசி ஏற்றுமதித் தடையை நீக்கிவிட்டது! 2012-இல் இந்தியா முதலிடம். தாய்லாந்தின் கிடங்குகளில் அரிசி புழுத்தது. 2014 தொடக்கத்தில் பணம் வராத விவசாயிகள் டிராக்டர்களோடு பாங்காக்கை நோக்கிக் கிளம்பினார்கள். யிங்லக்குக்கு இந்த வழக்கில் 2017-இல் 5 ஆண்டு தண்டனை. தீர்ப்புக்கு முன்பே நாட்டை விட்டுப் போயிருந்தார்.

பளபளப்பாகத் தெரியும் நாட்டில் மக்களுக்கு ஏன் இவ்வளவு கடன்?

குடும்பங்களின் மொத்தக் கடன் நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. வீடு வாங்கிய கடன் என்றால் பரவாயில்லை. வண்டி, கிரெடிட் கார்டு, ஆன்லைன் தவணை, குழந்தைக்குச் சீருடை என்று அன்றாடச் செலவுக்கு வாங்கியதே நிறைய. வேலை பார்ப்பவர்களில் பாதிக்கு மேல் முறைசாராத் தொழிலில். தள்ளுவண்டி, பைக் டாக்சி, கூலி விவசாயம். அவர்களுக்கு வங்கி கடன் தராது. அங்கேதான் கந்துவட்டிக்காரர் வருகிறார். பைக்கில், தலைக்கவசத்தைக் கழற்றாமல், சந்தைக்குள் சீட்டுகளை வீசிக்கொண்டே போவார்கள்: அவசரப் பணம், ஜாமீன் வேண்டாம், ஒரு போன் நம்பர். மாலையில் அதே தலைக்கவசம் தினத்தவணை வசூலுக்கு வந்து நிற்கும். மாதத்துக்கு 20 விழுக்காடு வட்டி என்பது சர்வசாதாரணம். தலைக்கவசக் கும்பல் என்றே ஊரில் பெயர்.

நாடு பணக்காரர் ஆவதற்குள் கிழவராகிவிட்டது என்று அங்குள்ளவர்களே சொல்கிறார்கள். ஐந்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர். 2024-இல் பிறந்த குழந்தைகள் 5 லட்சத்துக்கும் குறைவு. அறுபது முதல் அறுபத்தொன்பது வயது வரை இருப்பவர்களுக்கு முதியோர் உதவித்தொகை மாதம் 600 பாத். தெருக்கடையில் ஒரு துளசி இறைச்சிச் சோறு 50, 60 பாத் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இசான் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது எங்கே?

வடகிழக்குப் பீடபூமி, 20 மாகாணங்கள், நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கு. பேச்சு லாவோ, சாப்பாடு கையால் உருட்டும் ஒட்டரிசி, பப்பாளிக்காய் இடியல், ஊறவைத்த மீன். மண் வறண்டது, வருடம் ஒரு போகம்தான். அதனால் பாங்காக்கில் டாக்சி ஓட்டுபவர், கட்டடத்துக் கூலி, வீட்டு வேலைக்காரம்மா, மசாஜ் கடைப் பெண் என்று யாரைக் கேட்டாலும் ஊர் அந்தப் பக்கம்தான். குழந்தை ஊரில் பாட்டியிடம் வளரும், மாதம் பணம் போகும். ஏப்ரல் 13-இல் சொங்க்ரான் புத்தாண்டுக்கு எல்லோரும் ஊருக்குக் கிளம்பினால் பாங்காக் சாலைகள் காலியாகிவிடும். அந்த ஏழு நாள் விபத்துச் சாவுகளைத் தொலைக்காட்சி தினமும் கணக்குச் சொல்லும். நகரத்துக்காரர்கள் ரொம்ப காலம் இவர்களைப் பட்டிக்காட்டான், பணம் வாங்கி ஓட்டுப் போடுபவன் என்று கேலி செய்தார்கள். சிவப்புச் சட்டைக்குள் இருந்த கோபத்தில் பாதி அதுதான்.

ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும்?

விடியும்போது காவி உடுத்திய பிக்குகள் வெறுங்காலோடு வருவார்கள்; வீட்டுக்காரர்கள் வாசலில் மண்டியிட்டுச் சோறு போடுவார்கள். வீட்டு முன்னால் தூணில் நிற்கும் குட்டிக் காவல் தெய்வ மாடத்துக்கு மாலையும், உறிஞ்சுகுழல் போட்ட சிவப்பு ஃபான்டா பாட்டிலும் வைப்பார்கள். அது என்னவோ, தெய்வங்களுக்குச் சிவப்புதான் பிடிக்கிறது. எட்டு மணிக்குத் தேசிய கீதம். ரயில் நிலையத்தில், பூங்காவில் எல்லோரும் இருந்த இடத்தில் நிற்பார்கள். மாலை ஆறுக்கு மறுபடியும். இப்போது நிற்காமல் போகும் இளசுகளையும் பார்க்கலாம்.

சந்துக்குள்ளிருந்து பெரிய சாலைக்கு வர ஆரஞ்சு மேலங்கி போட்ட பைக் டாக்சி. வேலை முடிந்து திரும்பும் வழியில் இரண்டு வகைக் குழம்பு, சோறு தனித்தனிப் பிளாஸ்டிக் பையில். காற்று ஊதி ரப்பர் பேண்டை ஒரு சுற்றுச் சுற்றும் அந்தக் கை வேகத்தை நின்று பார்க்கலாம். நகரத்து ஒற்றை அறைகள் பலவற்றில் சமையலறையே கிடையாது. பணம் செலுத்துவது வங்கிச் செயலியில், கோழி வறுக்கும் பாட்டி வரைக்கும் கியூஆர் அட்டை தொங்கும்.

லாட்டரிப் பைத்தியம் என்கிறார்களே?

மாதத்தில் 1-ஆம் தேதி, 16-ஆம் தேதி மதியம் நாடே கொஞ்சம் மெதுவாகிவிடும். அரசு லாட்டரி, சீட்டு 80 பாத், முதல் பரிசு 60 லட்சம். கடைசி இரண்டு எண் அடித்தால்கூட 2,000 பாத். எண் எங்கிருந்து கிடைக்கும் என்பதில்தான் கற்பனை. கனவில் பாம்பு வந்தால் ஓர் எண், மரப்பட்டையில் பவுடர் தேய்த்துத் தெரியும் கோடு ஓர் எண், பிரதமர் ஊருக்கு வந்தால் அவர் காரின் எண். ஏழைகள் செலவைப் பார்த்துப் பொருளாதார நிபுணர்கள் திட்டுவார்கள். கடனை ஒரே அடியில் அடைக்க வேறு வழி ஏதாவது கண்ணில் பட்டால் அவர்களும் கேட்பார்கள்.

எல்லா ஆண்களும் ராணுவத்தில் சேர வேண்டுமா?

21 வயதில் குலுக்கல். ஏப்ரலில் பள்ளி மைதானத்திலோ கோயில் மண்டபத்திலோ நடக்கும். பானைக்குள் கை விட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். கறுப்பு வந்தால் வீட்டுக்கு, சிவப்பு வந்தால் இரண்டு வருடம் முகாமுக்கு. கறுப்பு எடுத்தவன் துள்ளுவான், சிலர் மயங்கியே விழுவார்கள். சிவப்பு எடுத்தவனின் அம்மா அழுவதைச் செய்திச் சேனல்கள் வருடம் தவறாமல் காட்டும். உயர்நிலைப் பள்ளியில் மூன்று வருடப் பயிற்சி முடித்தவர்களுக்கு விலக்கு. அப்பயிற்சி வசதியுள்ளவர்களுக்குத்தான் எளிதாகக் கிடைக்கும். கட்டாயச் சேர்ப்பை ஒழிப்போம் என்ற வாக்குறுதிக்கு 2023-இல் கைதட்டல் விழுந்தது சும்மா இல்லை.

எல்லோரும் ஒரே இனம், ஒரே மதமா?

பெரும்பான்மை பௌத்தம். சீன வம்சாவளியினர் பெயர் மாற்றி, மொழி மாறி, முழுக்கக் கலந்துவிட்டார்கள். தக்சின் குடும்பமும் அப்படி வந்ததுதான். வடக்கு மலைகளிலும் எல்லைகளிலும் குடியுரிமை இல்லாமல் இருப்பவர்கள் ஏறக்குறைய 5 லட்சம். தெற்குக் கோடியில் பட்டானி, யலா, நராதிவாத் மாகாணங்களில் மலாய் பேசும் முஸ்லிம்கள் பெரும்பான்மை. 2004-இலிருந்து அங்கே நடக்கும் ஆயுத மோதலில் 7,000 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். 2004 அக்டோபர் 25-இல் தக் பாய் என்ற ஊரில் போராட்டக்காரர்களைக் கைகட்டி ராணுவ லாரிகளில் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிக் கொண்டுபோனதில் 78 பேர் மூச்சுத்திணறிச் செத்தார்கள். இந்த வழக்குக்கான 20 ஆண்டுக் காலக்கெடு 2024-இல் முடிந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர்கூடக் கோர்ட்டுக்கு வரவில்லை. கடற்கரைக்குப் போகிறவர்கள் அந்த மாகாணங்கள் வரைக்கும் போவதில்லை என்பதால் இது வெளியே பேசப்படுவதும் இல்லை.

ஒருபாலினத் திருமணம், கஞ்சா என்று ரொம்பச் சுதந்திரமான நாடு போலிருக்கிறதே?

ஒருபாலினத் திருமணச் சட்டம் 2025 ஜனவரி 23-இல் நடைமுறைக்கு வந்தது, தென்கிழக்கு ஆசியாவில் முதல். கஞ்சா 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீங்கியது, 2025-இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று இறுக்கிவிட்டார்கள். யாரோடு வாழலாம் என்பதில் தாராளம், யாரை விமர்சிக்கலாம் என்பதில் கெடுபிடி. இரண்டும் ஒரே ஊரில் இருக்கின்றன.

தமிழோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. தெற்குத் தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் பாதுகாப்பில் இருந்த ஒரு குளத்தைச் சொல்கிறது. அரண்மனை பிராமணர்கள் மார்கழி, தைப் பக்கம் நடத்தும் சடங்கின் பெயர் திரியம்பாவை. அதில் ஓதுவது திருவெம்பாவையின் சிதைந்த வடிவம். பாங்காக் சிலோம் சாலை மாரியம்மன் கோயிலில் விஜயதசமி இரவு ஊர்வலத்துக்குச் சாலையையே மூடுகிறார்கள். கும்பிடும் கூட்டத்தில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். துயரமான தொடர்பும் ஒன்று உண்டு. 1942-43-இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதையில் மலாயாவிலிருந்து கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. இந்தத் தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை.

பால் பாக்கெட்டில் 2568 என்று போட்டிருக்கிறதே, அச்சுப்பிழையா?

இல்லை. புத்த ஆண்டு. 543-ஐக் கழித்தால் 2025 வரும்.

அங்குள்ளவர்களிடம் அரசியல் பேசலாமா?

டாக்சிக்காரர் விலைவாசி, லாட்டரி, கடன், எந்தக் கட்சி எவ்வளவு தருகிறது என்றெல்லாம் தானாகவே பேசுவார்; கேட்டுக்கொள்ளலாம். அரண்மனைப் பக்கம் பேச்சைத் திருப்ப வேண்டாம். உங்களுக்கு விமானம் இருக்கிறது, வம்பில் மாட்டப்போவது அவர். அலுவலகத்தில் மேலதிகாரி முன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வயதில், பதவியில் மூத்தவரை எதிர்த்துப் பேசக் கூடாது என்பது ஊறிய பழக்கம். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினால் அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேச விருப்பமில்லை என்று அர்த்தம், அதோடு விட்டுவிடுங்கள்.